முதல் அமுக்கில் ஊதாத சங்கு

நீதான் செய்தாய். வேறு யார் தலையிலும் கட்டப் பார்க்காதே.

மேலே உட்கார்ந்துகொண்டு, "படம் திக்காமல் ஓடணும்" என்று ஒரு வார்த்தை சொன்னாய். நீ செய்தது அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு, அணைக்குக் கீழே மணலில் படுத்திருப்பவர்கள் என்ன விலை கொடுப்பார்கள் என்று நீ கேட்கவில்லை. சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவன்கூடக் காம்பைப் புரட்டிப் பார்த்துத்தான் கூடையில் போடுகிறான். நீ புரட்டவே இல்லை.

பேர் சொல்ல மாட்டேன். கதையைக் கேள். எந்த இடத்தில் நீ வருகிறாய் என்று உனக்கே தெரியும்.

மலையடிவாரத்தில் ஓர் அணை. அணையின் தோளில் ஒரு கட்டுப்பாட்டு அறை. அறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்.

எல்லா வேலையும் அந்த ஒன்றின் தலையில். கேமராக்கள் அனுப்பும் படங்களைச் சேர்த்து வைத்தது. நீர்மட்டத்தை அளந்தது. தூரத்து அலுவலகத்தில் இருக்கும் அதிகாரிகள் பார்ப்பதற்காக ஆற்றின் வரைபடத்தை நீலமும் சிவப்புமாக வரைந்து, ஓரத்தில் கேமராப் படத்தையும் சேர்த்து அனுப்பியது. கரையோர ஊர்களில் கம்பம் கம்பமாக நிற்கும் சங்குகளை ஊதியதும் அதுவே.

ஷட்டர் திறக்கும் முன் சங்கு ஊத வேண்டும். பொத்தானை அமுக்கினால் சங்கு ஊதும். மணலில் நிற்பவன் கரையேறும் அளவு நேரம் போனதும் ஷட்டர் தானாக மேலே எழும். அந்த நேரம், பொத்தானை அமுக்கிய கணத்திலிருந்து ஓடத் தொடங்கும். சங்கு ஊதியதா இல்லையா என்று ஷட்டர் கேட்காது. சோதனைக்கென்று ஒரு சாவி உண்டு; அதைத் திருப்பி வைத்தால் மட்டும் ஷட்டர் அசையாது.

அங்கே எஸ்தர் பொறுப்பில் இருந்தாள். கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் கைவிட்டுப் பழகியவள். அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர் தளவாய். வயதில் அவளுக்கு மூத்தவர். மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டி, ஊர் ஊராகக் கேபிள் இழுத்து, எல்லாவற்றிலும் அடிபட்டு, கடைசியில் கம்ப்யூட்டரிடம் வந்து சேர்ந்தவர். அவர் அவளை டீச்சர் என்றார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள். ஷட்டர் பார்க்கும் சுடலையாண்டி இரண்டு பேரையும் கேலி செய்தான்.

"அண்ணாச்சி, வீட்டுப்பாடம் முடிச்சாச்சா? டீச்சர் முட்டி போட வச்சிரப் போறாங்க."

"போலே, போய்ச் செயினுக்கு கிரீஸ் வை."

ஒரு நாள் தளவாய் கேட்டார்.

"டீச்சர், ஆத்துப் படம் திக்குது. மேலேருந்து ஏச்சு விழுது. எதனால திக்குது?"

"மெமரி சின்னது அண்ணாச்சி. எல்லாரும் உள்ள இருக்க இடம் பத்தல. யாருக்கு எவ்வளவு இடம்னு பிரிச்சுக் குடுக்கது கர்னலோட வேலை, கம்ப்யூட்டருக்குள்ள மேஸ்திரி மாதிரி இருக்க புரோகிராம் அது. புரோகிராம் எல்லாம் பக்கம் பக்கமாத்தான் மெமரியில இருக்கும்; ரொம்ப நேரமா யாரும் தொடாத பக்கத்த கர்னல் தூக்கி டிஸ்க்குல போட்டுரும்."

"பெறவு அந்தப் பக்கம் வேணும்னா?"

"கேட்ட புரோகிராம் அப்படியே நிக்கும். டிஸ்க்குலேருந்து பக்கம் வந்த பெறவுதான் அடுத்த அடி எடுத்து வைக்கும். அதுக்குப் பேருதான் பேஜ் ஃபால்ட்."

"அப்ப அத இல்லாம ஆக்கிரலாமா?"

"இல்லாம ஆக்க முடியாது. யாரு நிக்கணும்னு வேணா மாத்தலாம்."

தளவாய்க்குக் கடைசிச் சொல் மட்டும் காதில் விழுந்தது. மாத்தலாம்.

உட்கார்ந்தார். தேடிப் படித்தார். கர்னலின் திருகுகளை ஒவ்வொன்றாகத் திருகினார். சும்மா கிடப்பவனை உடனே வெளியே தள்ளு, வரைபடத்தின் பக்கங்களை மட்டும் உள்ளேயே வைத்திரு என்று கர்னலுக்குச் சொல்லிக் கொடுத்தார். கர்னல் சொன்னதைக் கேட்டது.

வரைபடம் எண்ணெய் விட்ட மாதிரி ஓடியது.

அன்று நீயே போன் செய்தாய். "யாருய்யா பண்ணது? சபாஷ்" என்றாய். தளவாய் அறைக்கே உளுந்தவடை வாங்கி வந்தார். சுடலை அதைத் தின்றுகொண்டே, "அண்ணாச்சிக்குக் கொம்பு முளைச்சிரிச்சு டீச்சர்" என்றான்.

எஸ்தர் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"சங்கப் பாத்தீங்களா அண்ணாச்சி?"

"பாத்தாச்சு டீச்சர். போன வாரமே பாத்தாச்சு. அமுக்கின கையோட ஊதுது."

"அமுக்கின கையோடயா?"

"முதத் தடவ கொஞ்சம் இழுத்துச்சு. அதத் தள்ளிட்டேன். ரெண்டாவது அமுக்கு, மூணாவது அமுக்கு... விரல எடுக்க விடல, ஊதிருச்சு."

"முதத் தடவய ஏன் தள்ளுனீங்க?"

"அது சூடேத்துறதுக்குல்லா? வேகம் அளக்கவன் எவனும் முத அளவக் கணக்குல சேக்க மாட்டானே. நம்ம தொழில்ல அதான வழக்கம்?"

வழக்கம்தான். அவர் சொன்னதில் தப்பில்லை. இந்தத் தொழிலில் இருக்கும் யாரிடம் வேண்டுமானாலும் கேள். முதல் ஓட்டத்தில் பக்கங்கள் டிஸ்க்கில் கிடக்கும், இழுக்கும். இரண்டாவது ஓட்டத்தில் எல்லாம் மெமரிக்கு வந்திருக்கும், பறக்கும். முதலாவதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டாவதைத்தான் ஊருக்குச் சொல்வார்கள். தளவாயும் அதையே உனக்குச் சொன்னார். 'சங்கு உடனே ஊதுகிறது.' பொய் இல்லை. நீயும் மேலே எதுவும் கேட்கவில்லை.

எஸ்தர் வடையைக் கீழே வைத்தாள்.

"அந்தச் சோதனைக்குப் பெறவு யாராவது சங்கத் தொட்டீங்களா?"

"எதுக்குத் தொடணும்? மழையே இல்லையே."

அவள் எழுந்து சன்னலுக்குப் போனாள். கீழே ஆற்றுமணலில் ஒரு கூடாரம். அதைச் சுற்றி வெள்ளையும் சாம்பலுமாக வாத்துகள். கார் பருவ நெல் அறுவடை முடிந்த வயல்களைத் தேடி வந்த வாத்துக்காரர்கள். பேச்சி என்ற பெண்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலை. தளவாய் அவளிடம் வாடிக்கையாக முட்டை வாங்குவார்.

"அவங்க மணல்ல கிடக்கது சரியான்னு கேட்டாங்களா உங்ககிட்ட?"

"கேட்டா. 'தண்ணி விட்டா என்ன பண்ண அண்ணாச்சி'ன்னு கேட்டா. சங்கு இருக்கு, நீ பயப்படாமப் படுன்னு சொன்னேன்."

எஸ்தர் சுடலையைத் தனியே கூப்பிட்டாள். அவள் சொல்லச் சொல்ல அவன் வாயில் இருந்த வடை அப்படியே நின்றது.

"வேண்டாம் டீச்சர்."

"ஒரு கையகலம் தொறந்தா போதும். நான் குடையத் தூக்கும்போது அமுக்கு. அதுக்கு முன்ன தொடாத."

"வேற மாதிரி சொல்லிக் குடுங்களேன் அவருக்கு."

"வாயால சொல்றதெல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரியும் சுடலை."

எஸ்தரும் தளவாயும் ஆற்றுக்கு இறங்கினார்கள். முதலில் பேச்சியிடம் போனார்கள். கூடாரத்தைப் பிரித்துக் கரைக்குப் போகச் சொன்னாள் எஸ்தர். பேச்சி இடுப்பில் கைவைத்தாள்.

"ஏன்மா, போன வாரம் இந்த அண்ணாச்சி படுன்னாரு. இன்னைக்கு நீ எந்திரின்ற. யாருதான் இந்த ஆத்துக்கு அதிகாரி?"

"இன்னைக்கு ஒரு நாளைக்கு நான்."

பேச்சி முனகிக்கொண்டே கோலை எடுத்தாள். வாத்துகள் ஒன்றின் பின் ஒன்றாகச் சத்தம் போட்டுக்கொண்டு கரையேறின. சட்டிபானை, பாய், கோணி எல்லாம் ஏறியது. மணல் காலியானது. அந்தக் கரையில் வேறு யாரும் இல்லை என்று எஸ்தர் இரண்டு பக்கமும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

பிறகு ஆற்றின் பள்ளத்தைக் காட்டினாள்.

"அங்க போய் நில்லுங்க அண்ணாச்சி."

"நானா?"

"சங்கு ஊதினதும் கரையேறுங்க. ஊதுறதுக்கு முன்ன காலத் தூக்கக் கூடாது."

தளவாய் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"என்ன டீச்சர் வெளையாட்டு இது?"

"நீங்க சோதிச்ச சங்குதான?"

"ஆமா."

"பேச்சிகிட்டப் படுன்னு சொன்னீங்கள்லா?"

"சொன்னேன்."

"அப்ப நில்லுங்க."

அவர் போய் நின்றார். மணல் சூடாக இருந்தது. தலைக்கு மேல், கரையில், கம்பத்தின் உச்சியில் சங்கின் வாய் அவரைப் பார்த்துத் திறந்திருந்தது. அதன் விளிம்பில் ஒரு மைனா உட்கார்ந்திருந்தது. பின்னால் திரும்பினால் அணை. அவ்வளவு பெரிய சுவர் என்று அவர் அதுவரை நினைத்ததில்லை. மேலே நின்று பார்க்கிறவனுக்கு அது வெறும் ரோடு.

"டீச்சர்!"

"என்ன?"

"ஒரு நிமிசம் குடுங்க. மேல ஓடி ஒரே ஒரு தடவ அமுக்கிட்டு வந்துர்றேன்."

"எதுக்கு?"

எதற்கு என்று அவர் வாயால் சொல்ல வேண்டியிருந்தால், வாரம் முழுக்கச் சொன்னதை விழுங்க வேண்டும்.

"சரி, நான் போகல. சுடலைக்குப் போன் போட்டுச் சத்தமில்லாம ஒரு தடவ தட்டச் சொல்லுங்க. லேசா."

"லேசா எதுக்கு?"

"லேசாத்தான டீச்சர் கேக்கேன்!"

அவள் குடையைத் தூக்கினாள்.

மேலே சுடலை பொத்தானை அமுக்கினான்.

சங்கு ஊதவில்லை.

உள்ளே என்ன நடந்தது என்று உனக்குச் சொல்கிறேன். நீ பார்த்திருக்க மாட்டாய், உன் திரையில் அது தெரியாது. சங்கின் புரோகிராம் கண் விழித்தது. முதல் அடி வைக்கப் போனது. பக்கம் இல்லை. டிஸ்க்குக்கு ஆள் போனது. டிஸ்க்கு கேமராப் படங்களை எழுதிக்கொண்டிருந்தது, அது முடியும்வரை காத்தது. பக்கம் வந்தது. அடுத்த அடி. அந்தப் பக்கமும் இல்லை. மறுபடி ஆள் போனது. இரண்டாவது பக்கத்துக்கு இடம் பண்ண எதையாவது வெளியே தள்ள வேண்டும். வரைபடத்தைத் தொடக் கூடாது என்று தளவாயே சொல்லி வைத்திருந்தார். முதலில் வந்த பக்கத்தையே கர்னல் தள்ளியது.

மணலில் தளவாய் நின்றார். மைனா நகரவில்லை.

அணையின் மேல் செயின் உரசும் சத்தம் கேட்டது.

அவருக்கு அந்தச் சத்தம் தெரியும். தினமும் கேட்கிற சத்தம். கிரீஸ் வை, கிரீஸ் வை என்று சுடலையைத் திட்டியிருக்கிறார். கீழே நின்று அதைக் கேட்டதே இல்லை.

"டீச்சர்! ஷட்டர் ஏறுது!"

"சங்கு ஊதிச்சா?"

"ஊதல!"

"அப்ப நில்லுங்க."

"டீச்சர்!"

அவள் அசையவில்லை. கரையில் பேச்சி பிள்ளைகளை இழுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டாள்.

முதலில் வாடை வந்தது. பாசியும் சேறும் கலந்த, வெயில் படாத தண்ணீரின் வாடை. பிறகு சலசலப்பு. வளைவைத் தாண்டி ஒரு பழுப்பு நாக்கு மணலை நக்கிக்கொண்டு வந்தது. நுரை, சருகு, ஒரு பழைய செருப்பு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வந்தது. அது ஒரு கையகலம் திறந்த ஷட்டரின் தண்ணீர்தான். ஆளை அடித்துப் போகாது. தளவாய்க்கு அது தெரியாது. அவருக்குச் சொல்லப்படவில்லை.

தண்ணீர் அவர் பாதத்தைத் தொட்டது. கணுக்காலைப் பிடித்தது. காலடி மணல் கரைந்து அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கியது. ஓட நினைத்தார். கால் கேட்கவில்லை. பேச்சியின் கூடாரம் இருந்த இடத்தைப் பார்த்தார். அடுப்புக்கு வைத்த கற்கள் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தன.

கெண்டைக்கால்வரை நனைந்த பிறகு சங்கு ஊதியது.

மைனா பறந்தது. வாத்துகள் மொத்தமாக அலறின. தளவாய் கையாலும் காலாலும் கரையேறி, மேலே வந்து, நாணல் வேரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பேச்சி அவர் பக்கத்தில் வந்து நின்றாள். முட்டைக்கு விலை பேசும்போது இருக்கும் சிரிப்பு அவளிடம் இல்லை.

"இதுக்குள்ளயா எங்களப் படுக்கச் சொன்னீரு?"

தளவாய் காலில் ஒட்டிய சேற்றை வழித்துக்கொண்டிருந்தார்.

எஸ்தர் கேட்டாள். "முதத் தடவ எவ்வளவு இழுத்துச்சு அண்ணாச்சி?"

அவர் அழுதார்.

அன்றே அவர் மேலே போய் வேலை பார்த்தார். சங்கின் பக்கங்களை மெமரியிலேயே பூட்டினார். எவ்வளவு நெருக்கடி வந்தாலும் கர்னல் அவற்றை வெளியே தள்ளக் கூடாது என்று கட்டளை போட்டார். அதற்கு வரைபடத்தின் இடத்திலிருந்து கொஞ்சம் வெட்டினார். பிறகு சங்கைத் தொடாமல் நாள் கணக்கில் விட்டார். கை அரித்தது, தொடவில்லை. ஒரு நாள் காலை, பல்கூட விளக்காமல் வந்து அமுக்கினார்.

ஊதியது. முதல் அமுக்கிலேயே ஊதியது.

"சாப்பிடப் போங்க அண்ணாச்சி" என்றாள் எஸ்தர். அத்தனை நாளும் அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இனி மறுபடி நீ வருகிறாய்.

வரைபடம் திக்கியது. கொஞ்சம்தான். ஆறு நகரும்போது ஒரு மூச்சு நின்று நகர்ந்தது. நீ போன் செய்தாய்.

"மறுபடி திக்குதே. என்ன பண்ணீங்க?"

தளவாய் எல்லாவற்றையும் சொன்னார். மணலில் நின்றதையும் சொன்னார்.

"சோதிச்சப்ப நல்லா ஊதுச்சுன்னு நீர்தான சொன்னீர்?"

"அது ரெண்டாவது அமுக்கு சார்."

"எந்த அமுக்கோ. பழையபடி மாத்தும். பெரிய ஆளுக வர்ற நேரம்."

தளவாய் மாற்றவில்லை. எஸ்தரும் மாற்றவில்லை. இரண்டு பேரும் வேலை போனால் போகட்டும் என்று பேசிக்கொண்டார்கள். சுடலை மட்டும், "எனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்காங்க, என்னைய இதுல இழுக்காதீங்க" என்றான். சொல்லிவிட்டு அவனும் அங்கேயே நின்றான்.

நீ உன் இடத்திலிருந்தபடியே அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தாய். பூட்டைக் கழற்றினாய். அவர்கள் மறுபடி போட முடியாதபடி அனுமதியையும் எடுத்துக்கொண்டாய். சொல்லக்கூட இல்லை.

மலையில் மேகம் இறங்கிய அன்று, மதியச் சாப்பாட்டுக்கு முன்பு, தளவாய் பழக்கத்தில் எட்டிப் பார்த்தார். பூட்டு இல்லை. திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மறுபடி போட்டார். அனுமதி இல்லை என்றது. இன்னொரு வழியில் போனார். அனுமதி இல்லை.

"டீச்சர்." திரையைக் காட்டினார். "சங்கு வெளிய கிடக்கு."

எஸ்தர் உனக்குப் போன் செய்தாள். கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். திரும்பச் செய்தாள். அதே பதில்.

மலையில் மழை பிடித்தது. நீர்மட்டம் ஏறத் தொடங்கியது. இப்படி ஏறினால் பொழுது சாயும் முன் ஷட்டர் திறக்க வேண்டும் என்றான் சுடலை. அவன் கேலியாகப் பேசாமல் இருந்தது அன்றுதான்.

"பேச்சிகிட்ட ஓடிப் போய்ச் சொல்லிட்டு வரட்டுமா?" என்றார் தளவாய்.

"சொல்லிட்டேன். ஏறிட்டாங்க. அதுக்கங்கிட்டு?"

அதற்கப்புறம் துவைக்கிற துறை. அதற்கப்புறம் மாடு குளிப்பாட்டும் இடம். பிறகு ஊர், பிறகு இன்னொரு ஊர். வளைந்து வளைந்து போகிற கரை முழுக்கக் கம்பங்கள். எல்லாக் கரைக்கும் ஓட முடியாது. ஓட முடியாததால்தான் சங்கு வைத்தார்கள்.

"டீச்சர், இப்பவே ஒரு தடவ ஊதிரலாமா?"

"இப்ப ஊதினா கரையேறுவாங்க. தண்ணி வராது. திரும்ப எறங்கிருவாங்க. பெறவு ஊதினா எந்திரிக்க மாட்டாங்க."

அவள் எழுந்து சோதனைச் சாவியைத் திருப்பினாள்.

"சங்குக் கொம்புக்குப் போற கரண்ட நிப்பாட்டு சுடலை. அண்ணாச்சி, நீங்க பொத்தான அமுக்குங்க."

"சத்தம் வராதே. நேரமும் ஓட ஆரம்பிச்சிருமே, ஷட்டர் தொறந்துரும்."

"சோதனைச் சாவியத் திருப்பிட்டேன். செயின் அசையாது. சத்தம் வராது. ஆனா புரோகிராம் உள்ள முழுசா ஓடும். பக்கம் எல்லாம் மெமரிக்கு வரும்."

தளவாய் அமுக்கினார். காத்தார். முதல் ஓட்டம் ஊர்ந்தது. முடிந்தது. மறுபடி அமுக்கினார். பறந்தது.

"வந்துருச்சு டீச்சர். உள்ள வந்துருச்சு."

"கையெடுக்காதீங்க."

"ஏன்?"

"வரைபடமும் கேமராவும் நெருக்கிக்கிட்டே இருக்கு. தொடாம விட்டா திரும்பத் தூக்கிப் போட்டுரும்."

"எவ்வளவு நேரம் தொடாம இருந்தா போடும்?"

"தெரியாது."

"ஒரு குத்துமதிப்பாவது?"

"தெரியாது அண்ணாச்சி."

அவர் அமுக்கினார். கொஞ்சம் விட்டு அமுக்கினார். விட்ட நேரம் அதிகமோ என்று பயந்து உடனே அமுக்கினார். வெளியே மழை அறையின் கண்ணாடியை அடித்தது. சுடலை கொம்பின் சுவிட்சில் கைவைத்து நின்றான். ஷட்டர் திறக்கும் நேரம் வரும்போது அதை மேலே தள்ள வேண்டும். தள்ள மறந்தால், எல்லாம் சரியாக நடந்தும் சங்கு ஊமையாக இருக்கும். அவன் சுவிட்சை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எஸ்தர் சோதனைச் சாவியைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, ஒண்ணுக்காவது போயிட்டு வாரும்" என்றான் சுடலை.

"நீ வந்து அமுக்குவியா?"

"நான் இத விட்டா?"

இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

நீர்மட்டம் ஏறியது. துவைக்கிற துறையில் இன்னும் ஆள் தெரிகிறது என்றாள் எஸ்தர், கேமராவைப் பார்த்து. அங்கே மழை இல்லை. வெயில் அடித்தது. கல்லில் துணி காய்ந்தது. மலையில் பெய்வது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது.

தளவாயின் விரல் மரத்துப்போனது. கையை மாற்றினார். மாற்றிய அந்த இடைவெளியில் அவர் மூச்சு நின்றது. அமுக்கினார். ஓடியது. மூச்சு வந்தது.

"டீச்சர், எதுவரைக்கும்?"

அவள் பதில் சொல்லும் முன் போன் அடித்தது. நீ.

எஸ்தர் ஒரு கையில் சாவியைப் பிடித்தபடி போனை எடுத்தாள். உன் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"என்னம்மா, திரும்பத் திக்குது?"

"சங்க உள்ள வச்சிருக்கோம் சார். பூட்ட நீங்க எடுத்துட்டீங்க. கையால பிடிச்சு வச்சிருக்கோம்."

"எப்பவோ ஒரு தடவ ஊதுற சங்குக்கு எதுக்கும்மா எந்நேரமும் உள்ள இடம்?"

தளவாய் பொத்தானில் விரலை வைத்தபடி அவளைப் பார்த்தார். சுடலை சுவிட்சிலிருந்து முதல்முறையாகக் கண்ணை எடுத்தான்.

எஸ்தர் சத்தம் போடவில்லை.

"நீங்க கேக்கதத்தான் சார் கர்னலும் கேக்குது. அதுக்கு ஆளத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்லா. துறையில ஒரு பொம்பள சேலை அலசிக்கிட்டிருக்கா, உங்க படத்துலயும் தெரியுது, பாருங்க. போன வைக்காதீங்க. அவளப் பாத்துக்கிட்டே பூட்டத் திரும்பப் போடுங்க. இப்பவே போடுங்க சார்."